பதினான்கு பைட்

பிட்மேப் படக்கோப்பு ஒன்றின் முகப்பில் 14 பைட் உண்டு. முதல் இரண்டு பைட், இது பிட்மேப்தான் என்பதற்கு அடையாளம். அடுத்த நான்கு, கோப்பின் மொத்த அளவு. அதன் பிறகு இரண்டும் இரண்டுமாக யாரும் பயன்படுத்தாத இடம். கடைசி நான்கு, படம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று சொல்லும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் பராமரித்துவரும் ஒரு சிறிய மென்பொருளில் இந்தப் பதினான்கு பைட்டைப் படிக்கும் பகுதிதான் அதிகமாகத் திருத்தம் கண்டது. இத்தனைக்கும் அந்தக் கோப்பின் வடிவம் அப்படியேதான் இருக்கிறது. கம்பைலர் மாறியது, இயங்குதளம் மாறியது, கணினியின் சில்லு மாறியது.

மென்பொருள் எங்கள் ஊர் வேலைக்காகப் பிறந்தது. செய்யாருக்கு ஒரு பக்கம் ஆரணி, மறுபக்கம் காஞ்சிபுரம். இரண்டும் பட்டுத்தறி ஊர்கள். சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூ விழ வேண்டுமானால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதற்குள் வரிசையாக அட்டைகள் ஓடும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. முன்பு கட்டம் போட்ட தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாகப் பார்த்துத் துளை போடுவார்கள். 1990களின் நடுவில் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கணினியில் வரைந்த படத்தைப் படித்து, எந்த அட்டையில் எங்கெங்கே துளை என்று அச்சிட்டுத் தரும் நிரலை டர்போ சியில் எழுதினார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது ஒரு பிளாப்பியில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் அதற்கு ஜிபிஎல் உரிமம் போட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டேன்.

டர்போ சியை இன்றைய பிள்ளைகள் பழைய பாடத்திட்டத்தின் சுமையாகத்தான் அறிவார்கள். அன்று அது எங்களுக்குப் பெரிய வாசல். ஒரே பிளாப்பியில் எடிட்டர், கம்பைலர் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அதில் எழுதிப் பழகியவர்களுக்குச் சி மொழியின் விதி எது, டர்போ சியின் பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்கத் தேவையே வந்ததில்லை. அதில் இன்ட் என்பது 16 பிட். லாங் என்பது 32 பிட். ஸ்ட்ரக்சருக்குள் எதை எந்த வரிசையில் எழுதினாலும் இடைவெளி இல்லாமல் ஒட்டி அடுக்கும். ஆசிரியர் பிட்மேப் முகப்பை ஒரு ஸ்ட்ரக்சராக எழுதி, கோப்பிலிருந்து அப்படியே அதற்குள் கொட்டியிருந்தார். 14 பைட் ஸ்ட்ரக்சர், 14 பைட் முகப்பு. அழகாகப் பொருந்தியது.

பிசி குவெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் சிடியிலிருந்து ரெட் ஹாட் நிறுவி, ஜிசிசி கம்பைலரில் அதே நிரலைக் கொடுத்தேன். திரையைச் சார்ந்த வரிகளை மாற்றியதும் பிழையில்லாமல் கம்பைல் ஆனது. ஓடியது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் கோப்பின் அளவு அபத்தமாக வந்தது. அந்த ஸ்ட்ரக்சரின் அளவை அச்சிட்டுப் பார்த்தால் 16. நான்கு பைட் எண் ஒன்று நான்கால் வகுபடும் இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று கம்பைலர் முதல் இரண்டு பைட்டுக்குப் பின்னால் இரண்டு பைட் வெற்றிடம் விட்டிருந்தது. சி மொழி அதற்கு இடம் கொடுக்கிறது. டர்போ சியும் விதிப்படிதான் நடந்தது, ஜிசிசியும் விதிப்படிதான் நடந்தது. எழுதியவரும் நானும் விதி என்று எண்ணியது விதியில் எங்கும் எழுதப்படாத ஒன்று.

இந்தத் தொழிலில் பிறகு நான் கண்ட முக்கால்வாசிப் பிரச்சினைகளின் வடிவம் இதுதான். நிரல் ஓடுகிறது என்றால் அந்தக் கணினியில், அந்தக் கம்பைலரில், அன்றைக்கு ஓடுகிறது. அதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை.

வெற்றிடம் விடாதே என்று கம்பைலருக்குச் சொல்ல வழி உண்டு. பலரும் முதலில் அதைத்தான் நாடுவார்கள், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஒவ்வொரு கம்பைலருக்கும் அந்தக் கட்டளை வேறு வேறு. அது போகட்டும். அப்போது நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளரின் மென்பொருளை சன் சோலாரிஸ், எச்பி யூஎக்ஸ், ஐபிஎம் ஏஐஎக்ஸ் என்று யூனிக்ஸ் குடும்பத்து இயந்திரங்களுக்கெல்லாம் கொண்டுபோவது எங்கள் பிரிவின் வேலை. ஓய்வு நேரத்தில், அனுமதி வாங்கி, ஊர் நிரலையும் சன் ஸ்பார்க் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தேன். 'பஸ் எரர்' என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நின்றது. கோப்பின் அளவு முதல் இரண்டு பைட்டுக்கு அடுத்தே தொடங்குகிறது. நான்கு பைட் எண்ணை அப்படிப்பட்ட இடத்திலிருந்து எடுப்பதை இன்டெல் சில்லு பொறுத்துக்கொள்ளும், ஸ்பார்க் பொறுக்காது. அதைச் சரிசெய்ததும் அடுத்தது வந்தது. பிட்மேப்பில் எண்ணின் சிறிய பைட் முதலில் வரும். ஸ்பார்க் பெரிய பைட்டை முதலில் வைக்கும். அளவெல்லாம் தலைகீழ்.

அந்த நிறுவனத்தில் இருந்த மூத்த பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, கோப்புல இருக்கிறது பைட்டு. நீ பைட்டாவே படியேன்" என்றார். அவ்வளவுதான். ஸ்ட்ரக்சரைத் தூக்கிவிட்டு 14 பைட்டையும் ஒரு வரிசையாக எடுத்து, முதல் பைட் அப்படியே, இரண்டாவதை 8 பிட் நகர்த்தி, மூன்றாவதை 16, நான்காவதை 24 என்று கூட்டி எண்ணாக்கினேன். இடைவெளி, பைட் வரிசை, சில்லின் பொறுமை மூன்றும் ஒரே அடியில் தீர்ந்தன. வேகம் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். இன்றைய கம்பைலர்கள் இந்த நான்கு வரியை அடையாளம் கண்டு ஒரே கட்டளையாக மாற்றிவிடுகின்றன.

சில ஆண்டுகள் கழித்து 64 பிட் வந்தபோது, ஆசிரியர் 32 பிட் எண்ணுக்காக எழுதி வைத்திருந்த லாங் எல்லாம் லினக்ஸில் 8 பைட் ஆனது. விண்டோஸில் மட்டும் 64 பிட்டிலும் லாங் 4 பைட்டாகவே நின்றது. 1999ஆம் ஆண்டு சி தரம், அளவைப் பெயரிலேயே சொல்லும் எண் வகைகளைக் கொடுத்திருந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அதற்கான ஹெடர் 2010 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை எங்கள் சொந்த ஹெடர் ஒன்றை வைத்துச் சமாளித்தோம். தரம் எழுதப்பட்ட ஆண்டுக்கும், அது நம் பயனரின் கணினிக்கு வந்து சேரும் ஆண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. பராமரிப்பாளர் வேலை பார்ப்பது அந்த இடைவெளியில்தான்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்தது, இன்றும் புதியவர்களுக்கு முதலில் சொல்லும் கதை. பெங்களூரிலிருந்து ஒரு தோழர் நல்ல பேட்ச் ஒன்று அனுப்பியிருந்தார். பெரிய முந்தானைப் படங்களை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடாமல், கணக்கிட்ட அட்டைகளை இடையில் ஒரு கோப்பில் சேமித்து மறுபடி எடுக்கும். லினக்ஸில் எல்லாச் சோதனையும் கடந்தது. வெளியிட்டோம். ஒரு வாரத்தில் எங்கள் ஊரில் அட்டை போடும் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். அவர் கடையில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. "இன்னா தம்பி, மாங்கா டிசைன் பாதியிலயே நின்னுபோவுது. மத்த பூவெல்லாம் நல்லாத்தான் கீது."

"நாளைக்குக் காலையில வந்து பாக்கறேண்ணா" என்றேன்.

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. மாங்காய் மட்டும், அதுவும் ஒரே அட்டையில் நிற்கிறது. அந்த அட்டையின் ஓரிடத்தில் மூன்று காலி, இரண்டு துளை, ஒரு காலி, ஒரு துளை, ஒரு காலி. அதை இரும எண்ணாகப் படித்தால் 26. கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்தால் விண்டோஸில் 26 என்ற பைட் வந்ததும் கோப்பு முடிந்தது என்று பொருள். டாஸ் காலத்து மரபு. லினக்ஸில் எழுத்துக் கோப்பு, இருமக் கோப்பு என்ற பேதமே கிடையாது, எனவே அங்கே யாரும் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. அதே காரணத்தால் 10 என்ற பைட்டை எழுதும்போதெல்லாம் முன்னால் 13 என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. நான்கு காலி, துளை, காலி, துளை, காலி என்பதுதான் அந்த 10. படிக்கும்போது அந்த 13ஐத் தானே நீக்கிவிட்டதால் அது வெளியே தெரியவில்லை. கோப்பைத் திறக்கும் வரியில் ஒரேயொரு எழுத்தைச் சேர்த்ததும் சரியானது.

அதன் பிறகு ஒரு சோதனைப் படம் செய்தோம். அதில் பூவும் இல்லை, மாங்காயும் இல்லை. எட்டுக் கொக்கியில் வரக்கூடிய 256 வகைத் துளை வரிசையும் ஒன்றுவிடாமல் அடுத்தடுத்து இருக்கும். அகலத்துக்கு ஒன்றாக அதை வைத்திருக்கிறோம். அகலமும் முக்கியம்: பிட்மேப்பில் ஒவ்வொரு வரிசையும் நான்கு பைட்டின் மடங்காக நிரப்பப்படும். 480 கொக்கிக்கு 60 பைட், நிரப்பத் தேவையில்லை. 240 கொக்கிக்கு 30 பைட், அதோடு 2 பைட் நிரப்பு. இதை மறந்து எழுதினால் 480இல் நேராக விழும் பூ 240இல் சாய்ந்துகொண்டே போகும். கண்ணுக்கு அழகான டிசைனை வைத்துச் சோதிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அழகான டிசைன் எல்லாவற்றையும் தொடாது.

தமிழ் எழுத்து வந்ததும் வேறொரு வாசல் திறந்தது. அட்டைக்கட்டின் மேல் டிசைன் பெயரைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாப், டாம் குறியாக்கங்களும் ஏற்கப்பட்டன. இணையத்தில் பழகியவர்கள் டிஸ்கி குறியாக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எதுவானாலும் 8 பிட், தமிழ் எழுத்துகள் 128க்கு மேலே. சி மொழியில் கேரக்டர் வகைக்கு எதிர்மறை எண் உண்டா இல்லையா என்பதைத் தரம் முடிவு செய்யவில்லை, கம்பைலருக்கே விட்டுவிட்டது. இன்டெல் கணினிகளில் உண்டு. ஆகவே தமிழ் எழுத்து எல்லாமே அங்கே எதிர்மறை எண். ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இது வாழ்நாளில் தட்டுப்படாது. நமக்கு முதல் எழுத்திலேயே தட்டும். ஓர் எழுத்து இடைவெளியா, எண்ணா என்று பார்க்கும் நூலகச் செயற்கூறுகளுக்கு எதிர்மறை எண்ணைக் கொடுக்கக் கூடாது. ஜிசிசியில் பெரும்பாலும் தப்பித்துவிடும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் சோதனைப் பதிப்பில் நிரல் அங்கேயே நின்று பெட்டி காட்டும். அந்தப் பெட்டிக்கு நான் நன்றியுள்ளவன். அடுத்த வீட்டுக் கம்பைலர் அக்கறையோடு சொன்ன பிறகுதான் நம் வீட்டில் ஒளிந்திருந்த வழு தெரிந்தது.

பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் தமிழ், மேலே இருந்தால் ஆங்கிலம் என்று குறுக்குவழியில் பிரிக்கும் நிரல்களும் அக்காலத்தில் நிறைய. 2012இல் ராஸ்பெரி பை வந்து, பிள்ளைகள் அதில் பழைய தமிழ் மாற்றிகளை ஏற்றியபோது அவை ஒரு தமிழ் எழுத்தைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. ஆர்ம் சில்லில் லினக்ஸ் கம்பைலர்கள் கேரக்டரை எதிர்மறை இல்லாததாக வைக்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றும் வராது.

யூனிகோட் வந்தால் இதெல்லாம் தீரும் என்றார்கள். பெருமளவு தீர்ந்தது உண்மை. ஆனால் பழைய டிஸ்கிப் பெயர்களை மாற்ற வேண்டுமே. லினக்ஸில் உள்ள ஜிலிப்சி நூலகத்துக்கு டிஸ்கி தெரியும். ஒரே அழைப்பில் மாற்றித் தரும். அதை நம்பி எழுதிய நிரலை ஜிஎன்யூவின் தனி நூலகமான லிப்ஐகான்வோடு இணைத்தால் அந்தப் பெயரே தெரியாது என்கிறது. ஆல்பைன் லினக்ஸின் மஸ்ல் நூலகத்திலும் அதே கதை. அழைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு. கடைசியில் மாற்று அட்டவணையை எங்கள் நிரலுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். நூலகத்தில் இருப்பதை மறுபடி எழுதாதே என்பது நல்ல அறிவுரைதான். அந்த நூலகம் எல்லா வீட்டிலும் இருக்கும்போதுதான் அது பொருந்தும்.

மேக் கணினியில் வேறு சோதனை. "கொடி" என்று பெயரிட்ட டிசைன் கோப்பை லினக்ஸிலிருந்து கிட் வழியாக எடுத்தவருக்கு அது புதுக் கோப்பு என்று காட்டியது; "மயில்" மட்டும் ஒழுங்காக இருந்தது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் தீர்ப்பு. மேக்கின் அன்றைய கோப்பு அமைப்பு எப்போதும் பிரித்தே சேமித்தது. கொ, கோ, கௌ வரிசை உள்ள பெயரெல்லாம் இதில் மாட்டும். 2012இல் கிட்டில் இதற்கென்றே ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். ஐரோப்பியர்கள் தங்கள் மேற்புள்ளி எழுத்துகளுக்காகக் கேட்ட திருத்தம், நம் கொடியையும் காப்பாற்றியது.

விண்டோஸில் அகல எழுத்து வகை 2 பைட், லினக்ஸில் 4. தமிழ் முழுக்க 2 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறதே என்று பல தமிழ் நிரல்கள் அதில் நிம்மதியாக இருந்தன. 2019 மார்ச்சில் யூனிகோட் 12 வந்தது. முந்திரி, காணி போன்ற பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் இடம் கிடைத்தது, 2 பைட்டுக்கு அப்பால். பழைய கணக்குச் சுவடிகளைத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு விண்டோஸில் ஒரு முந்திரி இரண்டு எழுத்தாக எண்ணப்படுகிறது. முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் நூலகம் பைத்தான் 2, 3 இரண்டிலும் ஓடும்படி எழுதப்பட்டதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: அங்கேயும் பாதி உழைப்பு, எது எழுத்து, எது பைட் என்று பிரிப்பதிலேயே போனது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிந்தபோது அந்த உழைப்பு செய்தவர்கள்தான் அலட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

இப்போது கம்பைலர்கள் பக்கம் வருகிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஜிசிசியின் புதிய பதிப்பு வரும். டெபியன் திட்டத்தார் தங்களிடமுள்ள எல்லா மென்பொருளையும் புதிய பதிப்பில் ஒருமுறை கம்பைல் செய்து பார்த்து, உடைந்தவற்றின் பட்டியலைப் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவார்கள். அந்த அஞ்சலைப் பார்த்தால் பலருக்கு எரிச்சல் வரும். எனக்கு அது இலவச மருத்துவப் பரிசோதனை அறிக்கை. 2008இல் 4.3 வந்தபோது ஹெடர்களை ஒழுங்கு செய்தார்கள். ஒரு ஹெடர் இன்னொன்றைத் தானாக இழுத்து வரும் என்று நம்பிய சி பிளஸ் பிளஸ் நிரல்கள் வரிசையாக விழுந்தன. 2015இல் 5 வந்து, சி மொழியின் இயல்புத் தரத்தை 1989இலிருந்து 2011க்கு நகர்த்தியது. 2020 மே, ஊரடங்கு நேரம், பத்தாம் பதிப்பு. ஒரே பொது மாறியை ஹெடரில் எழுதிப் பல கோப்புகளில் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை அதுவரை லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிக்கொண்டிருந்தது. இனி முடியாது என்றது.

2024இல் வந்த 14ஆம் பதிப்பைப் பற்றித்தான் அதிகம் புலம்பல் கேட்டேன். அறிவிக்காத செயற்கூறை அழைத்தால் அதுவரை எச்சரிக்கை, இப்போது பிழை. கிளாங் கம்பைலர் அதற்கு முந்தைய ஆண்டே 16ஆம் பதிப்பில் இதைச் செய்துவிட்டது. என் கருத்தில் இது இருபது ஆண்டு தாமதமாக வந்த நல்ல காரியம். அறிவிக்காத செயற்கூறு இன்ட் திருப்பித் தரும் என்று கம்பைலர் எண்ணிக்கொள்ளும். நினைவகம் கேட்கும் செயற்கூறு அப்படி அழைக்கப்பட்டால், அது தரும் 64 பிட் முகவரியின் மேல் பாதி வெட்டுப்படும். 32 பிட்டில் முகவரியும் இன்ட்டும் ஒரே அளவு, ஒன்றும் தெரியாது. 64 பிட்டில் சிறிய டிசைனுக்கு ஓடி, பெரிய முந்தானைக்கு விழும். அப்படிப்பட்ட ஒரு வழுவைத் தேடி இரவு முழுக்க உட்கார்ந்த யாரும் அந்தப் பதிப்பைக் குறை சொல்ல மாட்டார்கள்.

எச்சரிக்கை என்றால் படிக்காமல் போவதுதான் நம் கல்லூரிகளின் வழக்கம். ஒரு கம்பைலரின் இன்றைய எச்சரிக்கை அடுத்த கம்பைலரின் பிழை. ஜிசிசி சொல்லாததை கிளாங் சொல்லும், இரண்டும் சொல்லாததை மைக்ரோசாஃப்ட் கம்பைலர் சொல்லும். மூன்றிலும் எச்சரிக்கையே இல்லாமல் கம்பைல் ஆகும்வரை நாங்கள் வெளியிடுவதில்லை.

இயங்குதள வேறுபாட்டை எங்கே வைப்பது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. நிரல் முழுக்க "விண்டோஸ் என்றால் இது, லினக்ஸ் என்றால் அது" என்று தூவி வைத்தவற்றை நிறைய பார்த்திருக்கிறேன். ஐந்தாண்டில் எழுதியவருக்கே வழி தெரியாது. அந்த வேறுபாடுகளை ஒரே கோப்பில் அடைத்துவிட வேண்டும். அங்கும் இயங்குதளத்தின் பெயரைக் கேட்கக் கூடாது. வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆட்டோகான்ஃப் 1990களின் தொடக்கத்திலிருந்து இதைத்தான் செய்கிறது: சின்னஞ்சிறு நிரல் ஒன்றைக் கம்பைல் செய்து பார்த்து, ஆனால் உண்டு, ஆகாவிட்டால் இல்லை. ஓப்பன்பிஎஸ்டி தந்த பாதுகாப்பான சரம் நகலெடுக்கும் செயற்கூறு நல்ல உதாரணம். லினக்ஸில் அது இல்லை என்று பலரும் "லினக்ஸ் என்றால் நானே எழுதியதைப் பயன்படுத்து" என்று வைத்திருந்தார்கள். 2023இல் ஜிலிப்சி 2.38 அதைச் சேர்த்துக்கொண்டது. பெயரைக் கேட்டவர்கள் மோதினார்கள். வசதியைக் கேட்டவர்களுக்கு அப்படி ஒரு மாற்றம் வந்ததே தெரியாது.

இத்தனை வகைக் கணினிக்குச் செய்யாரில் எங்கே போவது என்று கேட்பார்கள். தொடக்கத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்கள்தான். ஐஐடி வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமை கூடுவார்கள். யாராவது வித்தியாசமான இயந்திரம் வைத்திருப்பார்கள். பிறகு ஜிசிசி கம்பைல் ஃபார்ம் கிடைத்தது. கட்டற்ற மென்பொருள் எழுதுபவர் என்று சொல்லிக் கணக்குக் கேட்டால், பலவகைச் சில்லுகள் கொண்ட இயந்திரங்களில் தொலைவிலிருந்து நுழையவிடுவார்கள். 2012இல் எங்கள் மாவட்டத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது மடிக்கணினியின் பேட்டரி தாங்கும்வரை வேலை செய்ய அதுதான் கைகொடுத்தது. கம்பைல் ஆவது வேறெங்கோ, இங்கே எழுத்து மட்டும். ஃபாப்ரிஸ் பெல்லார்டின் கியூஎமு 2003லிருந்து இருக்கிறது. பெரிய பைட் முதலில் வரும் இயந்திரத்தை என் மேசையில் உள்ள மலிவுக் கணினிக்குள்ளேயே அது உருவாக்கித் தருகிறது. இப்போது ஒரு மாற்றத்தைப் பதிவேற்றினால் மூன்று இயங்குதளங்களிலும் தானாகக் கம்பைல் ஆகிச் சில நிமிடத்தில் சேதி வருகிறது. பத்து ஆண்டு முன்னால் இதற்கு மாதக்கணக்காகும்.

புதிய கம்பைலர் ஒரு பக்கம் இழுக்கும்போது பழைய கணினி மறுபக்கம் இழுக்கும். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் தறிக்காரர் வீடுகளுக்கு முதல்முறையாகக் கணினி வந்தது, பிள்ளைகளின் புத்தகப் பையில். விண்டோஸும், சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே இருந்தன. பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி பாஸ் லினக்ஸில் எங்கள் நிரலை நிறுவி அப்பாவுக்கு முந்தானை வரைந்து கொடுத்தாள். அந்த மடிக்கணினிகள் கல்லூரி முடிந்த பிறகும் பல வீடுகளில் உழைக்கின்றன. விண்டோஸ் 7க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. பைத்தான் 3.9லிருந்து அதில் ஓடாது. புதிய மொழிகளும் கருவிகளும் ஒன்றொன்றாக அதைக் கைவிட்டன. எங்கள் நிரலைப் புதிய மொழியில் மறுபடி எழுதலாம் என்று ஆர்வத்தோடு வந்தவர்களுக்கு நான் ஒன்றைத்தான் கேட்டேன்: அந்தப் பெண்ணின் வீட்டில் ஓடுமா? பாதுகாப்புக் காரணம் பேசுபவர்களின் நியாயம் எனக்குப் புரியும். ஆனால் இணையத்தில் சேராமல் அட்டைக்கடை மூலையில் கிடக்கும் கணினிக்குப் புதிய கணினி வாங்க முப்பதாயிரம் ரூபாய் எடுத்து வைக்கச் சொல்வது எளிதான வேலையல்ல. சி மொழியில், 1999ஆம் ஆண்டு தரத்துக்குள் நிற்பதற்கு அதுதான் காரணம்.

எக்ஸ்பியை மட்டும் விட்டுவிட்டோம். மாங்காய் டிசைன் பெரியவரே அவர் பேரன் சொல்லிக் கணினியை மாற்றிய பிறகுதான்.

மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனாய் இப்போது இருக்கிறது. ஜக்கார்டு, டாபி இரண்டுக்கும் திறமூலமாகவே வந்த மென்பொருள். எங்களுடையதைவிட எவ்வளவோ பெரியது, புதிதாகத் தொடங்குபவர்களை நானே அதன் பக்கம் அனுப்புகிறேன். எங்களுடையது துளைப் பட்டியல் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு, பழைய கணினிக்கு.

2025இல் ஜிசிசி 15 வந்தது. சி மொழியின் இயல்புத் தரம் 2023க்கு நகர்ந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் செயற்கூறை அறிவித்தால் "எது வேண்டுமானாலும் வரலாம்" என்றிருந்த பொருள் போய் "எதுவும் வராது" என்றாகிவிட்டது. பூலியன் வகை மொழியின் சொல்லாகிவிட்டதால், அந்தப் பெயரை ஆசிரியர் தம் கையால் இன்ட்டாக வரையறுத்திருந்த வரி விழுந்தது. அவர் எழுதியவற்றில் மிஞ்சியிருந்த சில வரிகளில் அதுவும் ஒன்று. நீக்கினேன்.

காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவின் கூட்டத்தில் அறிமுகமான இரண்டு இளைஞர்கள் இப்போது பேட்ச்களைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். ஒருவரிடம் ரிஸ்க்-ஃபைவ் சில்லுப் பலகை ஒன்று இருக்கிறது. எங்கள் நிரலை அதில் ஏற்ற முயன்றபோது, இயந்திரத்தை அடையாளம் காணும் ஆட்டோகான்ஃபின் பழைய கோப்பு இப்படியொரு சில்லே கிடையாது என்று மறுத்துவிட்டது. புதிய கோப்பை எடுத்து வைத்ததும் கம்பைல் ஆனது. அங்கும் கேரக்டருக்கு எதிர்மறை இல்லை. 256 துளை வரிசைப் படமும் டிஸ்கிப் பெயர்ச் சோதனையும் முதல் தடவையிலேயே கடந்தன. மீதமிருப்பது 32 பிட் கட்டமைப்பில் 2038ஆம் ஆண்டுக்குப் பிறகான தேதிகள். டெபியன் தன் 32 பிட் ஆர்ம் பதிப்பை 2025இல் 64 பிட் நேரத்துக்கு மாற்றிவிட்டது. எங்கள் நிரல் எழுதும் ஆர்டர் பதிவேட்டுக் கோப்பில் தேதி இன்னும் 4 பைட்தான். கோப்பின் வடிவத்தை மாற்றினால் பழைய நிரல் அதைப் படிக்க முடியாது. பழையதையும் படித்து, புதியதாக எழுதும் பகுதியைத் தம்பிகள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பைட் பைட்டாக.